மனம் ஒப்பாத பத்திரம்

நிலத்தைப் பற்றிய விவகாரங்களில் குடியானவர்களுக்கு நேரும் நஷ்டங்கள் பல, பத்திரத்தில் கையொப்பமிட்ட பின்னரே தெரிய வருகின்றன. "ரிஜிஸ்டர் ஆகிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று சோர்ந்துவிடுகிறவர்கள் அநேகர். அது முற்றும் சரியன்று. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் கையொப்பத்தை மாத்திரம் நோக்குவதில்லை. அதன் பின்னே மனப்பூர்வமான சம்மதம் இருந்ததா என்பதையும் நோக்குகிறது.

சம்மதத்தைக் கெடுப்பவற்றுள் நான்கு இவை:

1. பலவந்தம்: குற்றமான செயலைச் செய்தோ, செய்வதாக அச்சுறுத்தியோ, சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைத்தோ சம்மதம் பெறுதல். கணவர் தற்கொலை செய்துகொள்வதாக அச்சுறுத்தி, மனைவியிடமும் மகனிடமும் தம் சகோதரருக்குச் சாதகமாக விடுதலைப் பத்திரம் பெற்ற வழக்கில், அது பலவந்தமே எனச் சென்னை ஹைகோர்ட்டு 1917-இல் தீர்மானித்தது.

2. தகாத செல்வாக்கு: பிறர் மனத்தை அடக்கியாளும் நிலையிலிருப்பவர் அதனால் நியாயமற்ற லாபம் அடைதல்.

3. மோசடி: பொய்யென்று அறிந்தே ஏமாற்றுதல்.

4. தவறான தகவல்: மெய்யென நம்பியே உண்மையல்லாததைச் சொல்லுதல்.

இவ்வாறு ஏற்பட்ட ஒப்பந்தம் தானாகவே அழிந்துபோவதில்லை. அதனைத் தள்ளுவதும் கொள்ளுவதும் பாதிக்கப்பட்டவருடைய இஷ்டம். எதிர்க்கட்சிக்கு அவ்வுரிமை இல்லை. வில்லங்கமில்லை என்று ஏமாற்றி விற்கப்பட்ட நிலத்தின்மேல் அடமானம் இருக்குமாயின், வாங்கியவர் கிரயத்தை ரத்து செய்யக் கோரலாம். அல்லது அடமானக் கடனைத் தீர்த்துத் தரும்படி விற்றவரை வற்புறுத்தலாம்.

சட்டமே காட்டும் உதாரணம் ஒன்று குடியானவரைப் பற்றியதாகும். லேவாதேவிக்காரர் ஒருவர் 100 ரூபாய் கொடுத்து, தகாத செல்வாக்கினால் 200 ரூபாய்க்கு, மாதம் நூற்றுக்கு 6 வட்டியில் பத்திரம் எழுதி வாங்குகிறார். கோர்ட்டார் அப்பத்திரத்தை ரத்து செய்து, 100 ரூபாயையும் நியாயமான வட்டியையும் மாத்திரம் செலுத்தும்படி உத்தரவிடலாம். வாங்கிய அசலைத் தராமல் தப்புவதற்கு இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தைத் தள்ளுகிறவர் அதனால் பெற்ற பயனைத் திருப்பிக் கொடுத்தல் அவசியம்.

வேறு வரம்புகளும் உள. தவறான தகவலாலோ, வஞ்சகமான மௌனத்தாலோ இணங்கியவர், சாதாரண ஜாக்கிரதையால் உண்மையை அறிந்திருக்கக் கூடுமாயின், பரிகாரம் பெறமாட்டார். ஆகவே கிரயத்திற்கு முன் வில்லங்கச் சான்றைப் பார்த்தல் கடமையாகும். உண்மை தெரிந்த பின்னரும் ஒப்பந்தத்தை ஒப்புக்கொண்டு நடப்பவர் தம் உரிமையை இழப்பர். பத்திரத்தை ரத்து செய்யும் வழக்கை, அதற்குரிய உண்மைகள் தெரிந்த நாள் முதல் 3 வருஷத்திற்குள் தொடுக்க வேண்டுமென்று 1963-ஆம் வருஷத்து காலவரையறைச் சட்டம் விதிக்கிறது. அதற்கிடையில் நிலம் விலை கொடுத்து வாங்கிய நல்லெண்ணமுள்ள மூன்றாமவர் கைக்குப் போய்விட்டால், மீட்பது மிகவும் அரிது.

கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தில் பேருதவி செய்யக்கூடும். சாட்சியாகக் கையொப்பமிடுமுன், பத்திரம் முழுவதையும் எழுதிக் கொடுப்பவருக்கு வாசித்துக் காட்டி, சர்வே நம்பர், விஸ்தீரணம், தொகை, வட்டி ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்தல் நலம். எழுத்தறியாதவர், முதியோர், கடன்பட்டோர் விஷயத்தில் இது இன்றியமையாதது. வஞ்சிக்கப்பட்டதாக அறிந்தவர் தாமதமின்றி வக்கீலையோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ நாடுவாராக.