சிவப்பைத் தொலைத்த கல்

கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டம். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில், மண் சரியாமல் இருக்கக் கற்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். பெரும்பாலும் சாம்பல் நிறக் கருங்கல். நடுவே ஒரு கல்லில் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடியிருந்தது. "மண்வெட்டியில பட்டா 'ணங்'குனு கேட்கும் சார். சின்னக் கல்லுதான், ஆனா தூக்கிப் பாருங்க, என்னா கனம்!" என்றார் தோட்டக்காரர். தூக்கினேன். அவர் சொன்னது சரி. நூலில் கட்டிய காந்தத்தை அருகில் கொண்டுபோனதும், அது கறுப்பு வரியில் போய் ஒட்டிக்கொண்டது. வெள்ளை வரியில் ஒட்டவில்லை.

நான் தேடிப் போனது ஜாஸ்பர். சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பல நிறங்களில், வரியும் புள்ளியும் வளையமுமாகக் கோலம் போட்டதுபோல் இருக்கும் கல். கல் சேகரிப்பவர்கள் இதற்காக உலகமெல்லாம் அலைகிறார்கள். மடகாஸ்கர் கடற்கரையில் கண் கண்ணாக வட்டமிட்ட ஜாஸ்பர் கிடைக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மார்பிள் பார் என்று ஓர் ஊர்; ஆற்றுக்குக் குறுக்கே கிடந்த வரிப்பாறையைப் பளிங்கு என்று நினைத்து வைத்த பெயர் அது. பாறை உண்மையில் ஜாஸ்பர். வயது 340 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

நமக்குத் தெரிந்த உறவுக்காரக் கல்லும் உண்டு. தங்கத்தை உரசி மாற்றுப் பார்க்கும் உரைகல்லாக நெடுங்காலம் பயன்பட்டது, கறுப்பு ஜாஸ்பர் வகையைச் சேர்ந்த நுண்மணிக் கல். பொன்னை உரசினால் கல் தேயாது, பொன்தான் தேய்ந்து கோடாக நிற்கும். அந்த உறுதிக்குக் காரணம், ஜாஸ்பர் அடிப்படையில் வெங்கச்சங்கல்லே (குவார்ட்ஸ்) என்பதுதான். இரண்டும் ஒரே சிலிக்கா. வெங்கச்சங்கல்லில் படிகங்கள் பெரிதாக இருக்கும். ஜாஸ்பரில் அவை கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக, நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். இடையில் இரும்பு ஆக்சைடு தூளாகக் கலந்திருப்பதால் நிறம் வருகிறது, ஒளி ஊடுருவாமல் போகிறது. ஹேமடைட் தூள் என்றால் சிவப்பு. நீரேறிய இரும்பு ஆக்சைடு என்றால் மஞ்சள், பழுப்பு.

அப்படியானால் தோட்டத்தில் கிடைத்தது என்ன? புவியியலாளர்கள் அதைப் 'பட்டை மேக்னடைட் குவார்ட்சைட்' என்பார்கள். சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்புத்தாதும் இதே வகைதான். இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் 1864-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சேலம் வட்டாரத்து இரும்புப் படுகைகள் விரிவாகப் பதிவாகியிருக்கின்றன. தாது என்ற கண்ணோடு மட்டுமே இந்தக் கல்லை நாம் இதுவரை பார்த்து வந்திருக்கிறோம். என்னைக் கேட்டால் இது ஜாஸ்பரின் உடன்பிறப்பு. தீயில் விழுந்து எழுந்த உடன்பிறப்பு.

கதை கடலில் தொடங்குகிறது. 250 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத காலம். கடல்நீரில் இரும்பு கரைந்தே கிடந்தது. அது ஆக்சிஜனேற்றம் அடைந்தபோதெல்லாம் துகளாகப் படிந்தது; இடையிடையே சிலிக்கா கூழாகப் படிந்தது. இரும்பு ஒரு வரி, சிலிக்கா ஒரு வரி. இத்தகைய படிவு அதிகம் சூடுபடாமல் தப்பிய இடங்களில் சிவப்பு அப்படியே நிற்கிறது. ஜார்க்கண்ட்–ஒடிசா எல்லையில் நோவாமுண்டி, ஜோடா பக்கத்து இரும்புச் சுரங்கங்களில் ரத்தச் சிவப்பு ஜாஸ்பரும் எஃகுச் சாம்பல் ஹேமடைட்டும் மாறி மாறி ஓடும் பாறைகள் உண்டு.

கொல்லிமலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இம்மலையின் பெரும்பகுதி சார்னகைட் பாறை. நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து, பின் மேலே எழுந்த நிலம் இது. அந்த உலையில் பொடிப்பொடிச் சிலிக்காப் படிகங்கள் ஒன்றை ஒன்று விழுங்கிப் பெரிதாகின. இப்படி வளரும் படிகம் தன்னுள் இருந்த இரும்புத் தூளை வெளியே தள்ளிவிடும். வெள்ளை வரி வந்தது அப்படித்தான். ஹேமடைட் ஆக்சிஜனை இழந்தால் மேக்னடைட் ஆகும். சிவப்பு கறுப்பாகும், காந்தமும் ஒட்டும். நிறம் போயிற்று. கடல் போட்ட வரி மட்டும் போகவில்லை.

ஆகவே கொல்லிமலையில் யாராவது "ஜாஸ்பர் கிடைத்தது" என்றால், உடனே தலையாட்டாமல் நாலு காரியம் செய்து பார்க்கலாம். உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். சர்க்கரைபோல் மினுமினுக்கும் மணிகள் தெரிந்தால் அது ஜாஸ்பர் அல்ல. ஜாஸ்பர் மெழுகு தடவியதுபோல் மழமழவென்று, சிப்பியின் உட்குழிவுபோல் வளைந்து உடையும். பேனாக்கத்தியால் கீறுங்கள். ஜாஸ்பரின் கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை. கத்திக்கு அசையாது, கத்தியின் உலோகம்தான் கல்லில் பூசிக்கொள்ளும். டைல்ஸின் பின்பக்கத்தில் உரசினால் ஹேமடைட் செம்பழுப்பாகவும் மேக்னடைட் கறுப்பாகவும் கோடு விடும். கனமும் பேசும்: குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, மேக்னடைட்டுக்கு 5.2.

இங்கே அதிகம் ஏமாற்றுவது பாக்சைட். மலையின் மேற்பரப்பில் மழையும் வெயிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறையைக் கரைத்து விட்டுவைத்த அலுமினியத் தாது. செம்மண் நிறத்தில், பட்டாணி பட்டாணியாக உருண்டைகள் பதிந்திருக்கும். படத்தில் பார்த்தால் மடகாஸ்கர் கண் ஜாஸ்பரேதான்! கத்தியை வைத்தால் பொடி உதிர்ந்துவிடும்.

தமிழகத்தில் ஜாஸ்பரைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தொல்லியல் பக்கம் போகலாம். நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில், சூதுபவளம், அகேட், நீலக்கல், பச்சைக்கல்லோடு ஜாஸ்பர் மணிகளும் கிடைத்தன. இரும்பு உருக்கிய உலைகளும் அதே ஊரில்தான். இத்தனை கடினமான கல்லில் மயிரிழைத் துளை போட்ட கைகளை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

சேகரிக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று. காப்புக்காட்டில் கல்லை எடுக்க வேண்டாம், படம் போதும். பட்டா நிலத்தில் உரிமையாளரைக் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்த அன்றே ஊர், இடம், தேதியை எழுதிக் கல்லோடு வையுங்கள். எங்கே எடுத்தோம் என்று தெரியாத கல், தபால் முத்திரை இல்லாத கடிதம் மாதிரி.

தோட்டக்காரர் கொடுத்த கல் என் மேசையில் இருக்கிறது. வரி ஓரிடத்தில் சட்டென்று திரும்பி மடிகிறது. அடிவாரக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைச் சுருக்கி வைத்ததுபோல. போன வாரம் அந்த மடிப்பின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கீற்று ஒன்று கண்ணில் பட்டது. உலையில் தப்பிய ஜாஸ்பரோ என்று நெஞ்சு படபடத்தது. ஊசி முனையால் தொட்டேன். உதிர்ந்து விரலில் ஒட்டியது. துரு.