பட்டா எழுதிய பட்டாளத்தார்

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கைப்படி பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. வரி வசூலை யாரிடம் விடுவது? சென்னையில் சிவில் அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஊர்ப் பாஷை தெரிந்தவர்கள்தான் அபூர்வம். கவர்னர் ஜெனரலாகவும் தலைமைத் தளபதியாகவும் இருந்த காரன்வாலிஸ், படையின் உளவு வேலையைப் பார்த்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடைத் தேர்ந்தெடுத்தார். அவருக்குத் துணையாக மன்றோ, மக்லியாட், கிரஹாம். நால்வரும் பட்டாளத்தார்.

ரீட் நாட்டை மூன்றாகப் பிரித்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரஹாமுக்கு, தருமபுரி மன்றோவுக்கு, இன்றைய சேலம், நாமக்கல் சமவெளி மக்லியாடுக்கு. கச்சேரியில் உட்கார்ந்து பழைய கணக்கைப் புரட்டுவதோடு நிற்காமல், ஊர் ஊராகப் போய் வயலை அளக்க வைத்தார். மேலதிகாரி சொன்னால் மறுபேச்சில்லை என்பது பட்டாள வழக்கம். ரீட் அப்படி நடக்கவில்லை. உதவியாளர்களுக்கு நீண்ட கடிதங்கள் எழுதுவார். அவர்களும் மாற்றுக் கருத்தைத் தயங்காமல் எழுதுவார்கள். குடியானவர் ஆண்டுதோறும் வேண்டிய நிலத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்ற 1796 அறிவிப்பு, இப்படிப் பல ஆண்டுகள் விவாதித்த பிறகே வந்தது. ஜமீன்தார் நடுவில் இல்லாமல் உழுபவரிடமே நேரே வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அதுவே வித்து.

1799இல் மறுபடி மைசூர்ப் போர். ரீடும் மன்றோவும் படைக்குத் திரும்பினார்கள். அவர்கள் போனதும் வேலையும் போயிற்று! வங்காளத்தைப் பார்த்து நிரந்தர வரி வந்தது. சேலம் சீமை மிட்டா என்ற சிறு ஜமீன்களாக வெட்டப்பட்டு ஏலம் போனது. பணம் கட்ட முடியாமல் பல மிட்டாதாரர்கள் நொடித்தார்கள். நாலு பேரின் உழைப்பை மட்டுமே நம்பி நின்ற மாற்றத்துக்கு வேறென்ன கதி?

அந்த நால்வரில் ஒருவர் மேலே ஏறினார். மேஜர் ஜெனரலாக உயர்ந்த மன்றோ, 1820இல் சென்னை கவர்னரானார். தருமபுரியில் கற்றதை மாகாணத்தின் பொது விதியாக்கும் அதிகாரம் இப்போது அவரிடமே இருந்தது, ஆக்கினார். குடியானவரின் சுமை அதனால் இறங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது. கடப்பை, பெல்லாரி பக்கத்தில் தாம் விதித்த வரியைக் கால்வாசி குறைக்கலாம் என்று, கவர்னராவதற்கு முன்பே, 1807இல் மன்றோவே பரிந்துரைத்திருக்கிறார்.

சேலத்தில் எஞ்சியிருந்த மிட்டாக்களை ரயத்துவாரிக்குள் கொண்டுவர 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் தேவைப்பட்டது.