கோழியின் வீடும் கோழியின் வியாதியும்

முட்டைக்கோழியை எத்தகைய வீட்டில் வைத்து வளர்ப்பது என்பது இடத்தையும் செலவையும் மட்டுமே பொறுத்த விஷயம் என்று நினைப்பவர் பலர். ஆனால், அதற்கு எந்த வியாதி எளிதில் வரும், எது அணுகாது என்பதையும் பெருமளவுக்கு அந்த வீடே நிர்ணயித்துவிடுகிறது.

நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளில் பெரும்பாலும் காண்பது கூண்டு முறை. கூண்டின் கம்பிவலைத் தரை முன்பக்கமாகச் சற்றே சரிந்திருப்பதால், இட்ட முட்டை உருண்டு வெளியே நீண்டிருக்கும் விளிம்பில் வந்து நிற்கிறது. எச்சமோ வலைக்கண் வழியே கீழே விழுந்துவிடுகிறது. பறவையையும் அதன் எச்சத்தையும் இவ்வாறு பிரித்துவைப்பதே கூண்டின் தலையாய நன்மை என்பது என் அபிப்பிராயம். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரை எடுத்துக்கொள்வோம். எச்சத்தோடு வெளிவந்தவுடன் அதற்கு நோய் உண்டாக்கும் சக்தி இல்லை. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைக்கும் இடத்தில் ஓரிரு நாள் கிடந்து முதிர்ந்த பின்னரே அது அபாயகரமாகிறது. உமியோ கடலைத்தோலோ பரப்பிய ஆழ்கூளக் கொட்டகையில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கூளம் நனைந்திருக்கும் இடம் அதற்கு ஏற்ற இடமாகிவிடுகிறது. கோழியோ தன் சுபாவப்படி அதே கூளத்தைக் கிளறிக் கொத்துகிறது. குடற்புழுக்களின் முட்டைகளும் இவ்விதமே மீண்டும் வயிற்றுக்குள் போய்ச் சேருகின்றன. எச்சம் காலடியில் தங்காத கூண்டில் இந்தச் சக்கரம் பெரும்பாலும் அறுந்துபோகிறது.

சுவீடன் தேசம், உட்காரக் கழியோ முட்டையிட மறைவிடமோ இல்லாத வெறுங்கூண்டுகளைக் கைவிட்டு, வேறு வீடுகளுக்கு மாறிய காலத்தில், 2001 முதல் 2004 வரை இறந்த முட்டைக்கோழிகளை அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் அறுத்துச் சோதித்தார்கள். கூளத்திலும் திறந்த வெளியிலும் வளர்ந்த மந்தைகளில் பாக்டீரியா நோய்களும் ஒட்டுண்ணி நோய்களும், ஒன்றையொன்று கொத்திக் கொல்லும் வழக்கமும் கூண்டில் வளர்ந்தவற்றைவிட அதிகமாகக் காணப்பட்டன.

இதைக் கொண்டு கூண்டே ஆரோக்கியத்தின் இருப்பிடம் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்தை உடலிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கோழி, நடக்கவும் சிறகடிக்கவும் இடமின்றி நிற்கும்போது, அதன் எலும்புகள் நொய்ந்து, கையால் பிடித்துத் தூக்கும்போதே முறியும் நிலையை அடைகின்றன. உழைப்பில்லாத உடலில் கொழுப்பேறி ஈரல் வெடித்து மடிவதும் கூண்டில் மிகுதி. ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் சட்டம் இயற்றி, 2012 ஜனவரி முதல் வெறுங்கூண்டுகளைத் தடைசெய்தது. கோழி ஒன்றுக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடமும், உட்காரக் கழியும், முட்டையிட மறைவிடமும் உள்ள கூண்டுகளுக்கே அங்கு அனுமதி உண்டு. ஆனால், கழியும் மறைவிடமும் கூடக்கூட, சந்துகளும் கூடுகின்றன. பகலெல்லாம் அச்சந்துகளில் ஒளிந்திருந்து, இரவில் ஊர்ந்து வந்து இரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணி, இரை கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் உயிர் தாங்கும் பிராணி. ஒரு மந்தையை அகற்றி அடுத்ததைக் கொண்டுவரும் இடைவெளியில் கொட்டகை காலியாகக் கிடந்தால் அது ஒழிந்துவிடும் என்று நம்புவதற்கில்லை.

மனிதரைப் பாதிக்கும் சால்மோனெல்லாவின் கதை இன்னும் சிக்கலானது. அதன் ஒரு வகை கோழியின் சூலகத்திலும் முட்டைக்குழாயிலுமே குடியேறி, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் புகுந்துவிடுகிறது. கோழியோ வெளித்தோற்றத்தில் சுகமாகவே இருக்கும். 2004, 2005 ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் நடந்த பரிசோதனையில் கூண்டு மந்தைகளிலேயே இக்கிருமி அதிகம் தென்பட்டது. ஆயினும் அந்த மந்தைகள் மற்றவற்றைவிடப் பெரியவை என்பதைக் கவனிக்கவேண்டும். எலிகளும் ஈக்களும் கிருமியைச் சுமந்து திரியும் பெரிய கொட்டகையில், கம்பிகளுக்கும், முட்டையும் எச்சமும் செல்லும் பெல்ட்டுகளுக்கும் இடையே புழுதியைக் கழுவித் தீர்ப்பது எளிதன்று. ஆகவே குற்றம் கூண்டின் வடிவத்தினுடையதா, கூட்டத்தினுடையதா, சுத்தக்குறைவினுடையதா என்று பிரித்துச் சொல்லுதல் கடினம்.

திறந்த வெளியில் மேயும் கோழிக்கு வெயிலும் மண்ணும் கிடைக்கின்றன, எலும்பும் வலுக்கிறது. ஆனால், வலசை வரும் காட்டு வாத்துகள் இறங்கும் நீர்நிலைக்கு அருகில் அது மேயுமானால், பறவைக் காய்ச்சலின் கிருமி அவ்வாத்துகளின் எச்சம் வழியாக அதை எட்டிவிடக்கூடும். நெதர்லாந்தில் வெளியில் மேயும் மந்தைகளில் இக்கிருமி நுழைவது, உள்ளே அடைத்து வளர்க்கும் மந்தைகளைவிடப் பன்மடங்கு அதிகம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். காய்ச்சல் பரவும் காலங்களில் மேய்ச்சல் கோழிகளையும் கொட்டகைக்குள் அடைக்கும்படி அரசாங்கங்கள் உத்தரவிடுவது இதனால்தான்.

பிரிட்டனில் 1998-ல் தொடங்கிய முத்திரைத் திட்டம் ஒன்று, கூண்டு, கொட்டகை, மேய்ச்சல் என்ற பேதமின்றி, தன்னில் சேர்ந்த மந்தைகள் அனைத்துக்கும் சால்மோனெல்லாத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அந்த முத்திரை பெற்ற முட்டைகளைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும்கூட அரைவேக்காட்டில் உண்ணலாம் என்று 2017-ல் அந்நாட்டு உணவுத் தர நிறுவனம் அறிவித்தது. அத்தகைய உறுதி இல்லாத முட்டையை வாங்கும் நாம், வெள்ளையும் மஞ்சளும் இறுகும்வரை வேகவைத்தே உண்போமாக. கோழி வளர்ப்போரும், தம் பண்ணை எந்த முறையாயினும், தடுப்பூசியையும் எலி ஒழிப்பையும் ஒரு மந்தைக்கேனும் தவறவிடலாகாது.