மறதிநோயும் பேணுவோர் மனச்சுமையும்

பெற்றோரைப் பேணும் பருவத்தினராகிய பழைய மாணவர் பொருட்டு இதனை எழுதுகின்றோம்.

முதுமையில் பெயர் மறத்தல் இயல்பு. பெற்ற மகளையே 'நீ யார்?' என வினவுதல் நோய். டிமென்சியா எனப்படும் இம்மறதிநோயின் மிகப் பரவலான வகையை 1906ஆம் ஆண்டில் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் எடுத்துரைத்தார். மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால் இது விளைகின்றது.

2020 மார்ச் 18ஆம் நாள், கொரோனாக் கொள்ளைநோய் கருதிப் புத்தளம், சிலாபம் பகுதிகளில் ஊரடங்குச் சட்டம் விதிக்கப்பட்டது. இரு நாள்களில் அது நாடெங்கும் விரிந்தது. கற்பிட்டி, உடப்பு முதலிய நம் கரையோர ஊர்களில், நாள்தோறும் கடற்கரைக்கோ கோயிலுக்கோ சென்று பழகிய முதியவருக்குப் படலை மூடிய காரணம் விளங்காது. விளக்கினும் நினைவில் நில்லாது. பழகிய ஒழுங்கு குலையவே கலக்கமும் சினமும் மிகும், இரவுறக்கம் கெடும். பேணுபவர் உறக்கமும் உடன் கெடும்.

முன்னர் அயலவர் வந்து அமரும் ஒரு நாழிகையே அவருக்கு ஓய்வாயிருந்தது. அதுவும் அற்றபோது, பெரும்பாலும் மகளோ மருமகளோ தனித்து நின்றாள். கடிந்து பேசினாள், பின் தன்னையே நொந்து அழுதாள். அச்சினம் அன்பின்மையால் எழுந்ததன்று, ஓய்வின்மையால் எழுந்தது.

ஆதலின், நோயாளரோடு வாதாடாது அவர் கருத்தை வலை பின்னுதல் போன்ற பழகிய தொழிலில் திருப்புதல் நன்று. வீட்டிலுள்ளோர் முறைவைத்துப் பேணுதல் வேண்டும். தொலைவிலுள்ளோர், 'அப்பா எப்படி?' என்பதோடு அமையாது, 'நீ உறங்கினாயா?' என்றும் கேட்பாராக.