கிரேக்கரின் ஊழும் இன்றைய இரத்தப் பரிசோதனையும்

கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றதும் நம்மில் பலர், "விதியை வெல்ல முடியாது, அதானே?" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். சோபக்ளிஸ் கி.மு. 429 வாக்கில் அரங்கேற்றிய ஈடிபஸ் மன்னன் நாடகத்தைப் பொறுமையாகப் படித்தால், விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று தெரியும்.

தீப்ஸ் மன்னன் லேயஸ் தன் மகன் கையால் சாவான் என்பது டெல்ஃபி கோயிலின் வாக்கு. பிறந்த குழந்தையை மலையில் போட்டுவிடச் சொல்கிறார்கள். இரக்கப்பட்ட இடையன் ஒருவனால் பிள்ளை பிழைத்து, கொரிந்த் அரசன் வீட்டில் வளர்கிறது. வளர்ந்த ஈடிபஸ், தகப்பனைக் கொன்று தாயை மணப்பான் என்ற வாக்கைக் கேட்டதும் இனி கொரிந்த் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று ஓடுகிறான். ஓடிய வழியில், மூன்று சாலை கூடும் இடத்தில், தேரில் வந்த முதியவரோடு தகராறு. அடித்துக் கொல்கிறான். அவர்தான் லேயஸ்! கொரிந்திலேயே இருந்திருந்தால்? நாடகம் இதற்குப் பதில் சொல்வதில்லை.

விதிக்குக் கிரேக்கர் வைத்த சொல் 'மொய்ரா'. பங்கு என்று பொருள். பாகப்பிரிவினையில் நமக்கு விழும் பங்கு மாதிரி. இதை ஊழ்வினை என்று பெயர்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சமண மரபில் வந்தவனுக்கு வினை என்பது அவரவர் பேரேட்டில் அவரவரே எழுதிய பற்று. சிலப்பதிகாரம் கோவலன் சாவுக்கு முற்பிறப்புக் கணக்கைக் காட்டிவிடுகிறது. இந்த நாடகத்தில் ஈடிபஸுக்கு அப்படி எந்தக் கணக்கும் காட்டப்படவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

இன்னொன்று பாருங்கள். நாடகம் தொடங்கும்போதே வாக்கு பலித்து முடிந்தாயிற்று. மேடையில் நடப்பது விசாரணைதான். ஊரில் கொள்ளைநோய், லேயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் தீரும். குருட்டு ஞானி டைரீசியஸ் சொல்ல மறுக்கிறார். யோகாஸ்தா கேட்காதே என்று கெஞ்சுகிறாள். அவன் விடவில்லை. தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தது அவன்தான். பிறகு கண்ணைக் குத்திக்கொண்டதும் அவன் கைதான்.

இன்று டெல்ஃபியின் வேலையை இரத்தப் பரிசோதனைக் கூடம் செய்கிறது. ஹண்டிங்டன் என்றொரு மூளை நோய், பெரும்பாலும் 30 முதல் 50 வயதில் தலைகாட்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. அதன் மரபணு 1993-இல் பிடிபட்டது. அதில் 'சிஏஜி' என்ற துண்டு 40 முறையோ அதற்கு மேலோ அடுக்கியிருந்தால், ஆயுள் இருக்கிற பட்சத்தில் நோய் வந்தே தீரும். அடியோடு தீர்க்க இன்றுவரை மருந்தில்லை.

அந்தத் தேடலில் முன்நின்றவர் அமெரிக்க அம்மையார் நான்சி வெக்ஸ்லர். அவருடைய தாய்க்கே 1968-இல் இந்நோய் என்று தெரிந்தது. வெனிசுலாவில் மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்களிடையே ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 1992-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே டைரீசியஸ் பெயர் இருக்கிறது! தமக்கும் நோய் உண்டென்று 2020-இல்தான் வெளியே சொன்னார்.

ஆபத்துள்ளவர்களில் பெரும்பாலோர் சோதனைக்கே வருவதில்லை. சரி, வேண்டாம் என்றால் விட்டுவிடலாமா? பேரன் போய்ச் சோதித்து 'உண்டு' என்று வந்தால், பாட்டன் வழி வந்த நோய் என்பதால், கேட்க விரும்பாத தகப்பனின் விடையும் சேர்ந்தே வெளிவந்துவிடும்.

லேயஸ் பிறந்த பிள்ளையை மலைக்கு அனுப்பினான். இப்போது கருவைச் சோதனைக்குழாயில் உருவாக்கி, அந்த மரபணுக் கோளாறு இல்லாததை மட்டும் கருப்பையில் வைக்கிறார்கள். தகப்பன் தன் விடையைக் கேட்க விரும்பாவிட்டால் அவனிடம் எதையும் சொல்லாமலே இதைச் செய்து கொடுக்கும் மருத்துவமனைகளும் உண்டு.