ரெட் லேடி தேசத்து ஆட்கள் நம்மூருக்கு வந்தால்...

பெரம்பலூர், அரியலூர் விவசாயிகளுக்குத் தைவான் புதிய பெயர் இல்லை. 'ரெட் லேடி' பப்பாளி அந்த நாட்டு விதை நிறுவனம் உருவாக்கிய ரகம். 'தைவான் பிங்க்' கொய்யாக் கன்று இன்றைக்கு எந்த நர்சரியிலும் கிடைக்கிறது. ஆசிய நாடுகளில் பரவிய பாசிப்பயறு ரகங்கள் பலவற்றுக்குத் தாய்வீடான உலகக் காய்கறி மையம், 1971-ல் தொடங்கப்பட்டதும் அங்கேதான். இதுவரை விதையும் கன்றும் வந்தன. இப்போது மனிதர்களும் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் 2022 நவம்பரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த ஆண்டே செருப்பு உற்பத்தி தொடங்கிவிட்டது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவானின் டீன் ஷூஸ் நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முதலீடு 1,000 கோடி ரூபாய், வேலை 15,000 பேருக்கு என்பது அரசின் அறிவிப்பு. காலணி ஆலைகளில் பெரும்பாலும் பெண்களையே வேலைக்கு எடுப்பார்கள். செய்யாறு சிப்காட்டில் பல ஆண்டுகளாக அப்படித்தான். அதாவது, நேற்றுவரை மானாவாரிப் பருத்தியில் பஞ்செடுத்த வீட்டுப் பெண்கள்தான் நாளைக்குத் தைவான் மேலாளருக்கு முன்னால் நிற்கப்போகிறார்கள்.

முதல் சிக்கல் தலையில் தொடங்கும். 'சரிங்க' என்று சொல்ல நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். தைவான்காரர் கண்ணுக்கு அது 'முடியாது' என்று தெரியும். வேலை சொன்னவர் திரும்பத் திரும்ப அதையே கேட்டால், திட்டுகிறார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வாயைத் திறந்து 'யெஸ்' என்று சொல்லிவிட்டால் போதும். புதிதாகச் சேர்ந்த பெண் 'என்னைப் பிடிக்கவில்லை போல' என்று முதல் மாதத்திலேயே நின்றுவிட இப்படிப்பட்ட சின்ன விஷயமே போதும். ஆலைப் பயிற்சியில் தையல் மெஷினுக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை இதற்கும் ஒதுக்கலாம், இரண்டு பக்கத்தாருக்கும்.

அடுத்து, கை. இடக்கையால் கொடுத்தால் நமக்கு அவமரியாதை. அவர்களுக்கு அப்படி இல்லை. மரியாதை காட்ட வேண்டிய இடத்தில் அவர்கள் இரண்டு கையாலும் கொடுப்பார்கள், வாங்குவார்கள். நாம் தாம்பூலத் தட்டு நீட்டுவதைப் போல. சம்பளக் கவரை ஒருவர் இடக்கையால் நீட்டினால், அதில் குத்தல் எதுவும் இல்லை.

கல்யாணத்துக்கு அழைத்தால்தான் வேடிக்கை. நாம் மொய் எழுதும்போது 101, 501 என்று ஒரு ரூபாய் கூட்டி வைப்போம். தைவானில் கல்யாணத்துக்கு இரட்டைப்படைத் தொகைதான் வைப்பார்கள். ஒற்றைப்படை துக்க வீட்டுக்கு உரியது. இரட்டைப்படையிலும் 4 ஆகாது. அவர்கள் மொழியில் அந்த எண்ணின் ஒலி சாவு என்ற சொல்லை ஒத்திருக்கிறது. நம் கல்யாண வீடுகளில் குவியும் சுவர்க் கடிகாரத்தை அவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கவே கூடாது. 'கடிகாரம் கொடுப்பது' என்ற சொல், 'கடைசி நேரத்தில் கூட இருந்து வழியனுப்புவது' என்றும் ஒலிக்கும். குடையும் வேண்டாம், அந்தச் சொல்லில் பிரிவு ஒலிக்கிறது. நம்மிடம் வாங்கிப் போக ஏற்றது எது என்றால், ஒரு கூடை பழம்.

சாப்பாட்டில் வித்தியாசமும் உண்டு, உறவும் உண்டு. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைத்தால் அவர்களுக்கு அது இறந்தவருக்குப் படைக்கும் ஊதுபத்தி நினைவு. நாமோ சாமிக்கு வைத்த வாழைப்பழத்திலேயே ஊதுபத்தியைக் குத்துகிறோம்! டீ என்றால் பெரும்பாலும் பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் சாயம். ஆனால், 1980-களில் அவர்கள் கண்டுபிடித்து உலகமெல்லாம் பரவிய பால் டீ ஒன்று இருக்கிறது. அதில் மிதக்கும் கறுப்பு உருண்டை மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்தது. பச்சைமலைப் பக்கம் கிழங்கு போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

தைவானில் சைவம் சாப்பிடுகிறவர்கள் நிறைய. பௌத்த முறைப்படி சைவம் என்றால் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. அப்படி ஒருவர் வீட்டுக்கு வந்தால், செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை வதக்கிப் போட்டு சாம்பார் வைத்துப் பயனில்லை. முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அங்கே மாட்டுக்கறி நூடுல்ஸ் பிரபலம். ஆனாலும் பழைய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள் பலர் மாட்டுக்கறியைத் தொடுவதில்லை. காரணம் மதம் இல்லை. ஏர் உழுத மாட்டுக்கு நன்றி. மாட்டுப் பொங்கல் அன்று அவர்களை அழைத்துக் காட்டினால் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது. அங்கேயும் ஒரு பண்ணையின் சராசரி அளவு ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்தான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதும் அவர்களுக்குப் பழக்கமே. பெரியவர்கள் எதிர்ப்பட்டால் 'சாப்பிட்டாச்சா?' என்றுதான் விசாரிப்பார்கள்.

நம் ஆடி மாதம் போல அவர்களுக்கும் ஒரு மாதம் உண்டு. பெரும்பாலும் ஆகஸ்ட்டை ஒட்டி வரும் ஏழாவது சந்திர மாதம் முன்னோர் ஆவிகளுக்கு உரியது. அப்போது கல்யாணம், புதுவீடு புகுதல் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே, ஆடிக்கு ஊர்க் கோயிலில் கூழ் ஊற்ற லீவு கேட்கும் பெண், 'திருவிழா' என்று மட்டும் சொல்லாமல் இதை எடுத்துச் சொன்னால் மேலாளருக்குப் புரியும். அவர்களின் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். குடும்பம் மொத்தமும் ஊருக்குப் போய்விடும் பண்டிகை அது. நமக்குப் பொங்கல் எப்படியோ அப்படி.

விண்ணப்பத்தில் பெயர் எழுதும்போதும் கவனம் தேவை. அவர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். வம்சம் முழுக்க அதே பெயர். நம் இனிஷியல் அப்பாவின் பெயர், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆதாரில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி இருந்தால் சம்பளமும் பி.எஃப்பும் சிக்கிக்கொள்ளும். வேலைக்குச் சேரும் முன்பே இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டார் இந்த மண்ணில் வந்து பழகுவது இது முதல் முறை இல்லை. 1711-ல் இத்தாலியிலிருந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சியில் தங்கினார். காவி உடுத்து, தமிழ் கற்று, 1732-ல் 'சதுரகராதி'யே தொகுத்துவிட்டார். ஷூ ஆலை மேலாளரிடம் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. 'வணக்கம்', 'சாப்பிட்டாச்சா' இரண்டையும் கற்றுக்கொடுக்கலாம். பதிலுக்கு நம் பெண்கள் 'நீ ஹாவ்' சொல்லிப் பழகட்டும்; அது அவர்களின் வணக்கம்.