வாத்துக்கும் உண்டு வெளிச்சக் கணக்கு

மட்டாஞ்சேரிக் கரையைத் தொட்டு நிற்கும் காயலில் தெற்கே போனால் வேம்பநாடு. அதைத் தாண்டினால் குட்டநாட்டு வயல்கள். சாரா, செம்பல்லி வாத்துகளின் தாய்வீடு. அறுவடை முடிந்த வயலில் நெல்மணி, நத்தை என்று பகலெல்லாம் மேயும் இவற்றுக்குச் செலவில்லாமல் கிடைத்து வந்த இன்னொரு தீனி, சூரிய வெளிச்சம்.

அதற்குத்தான் இப்போது சிக்கல். 2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டா மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் கண்டு ஏராளமான வாத்துகள் அழிக்கப்பட்டன. பிறகும் நோய் பலமுறை திரும்பியது. காட்டுப் பறவைகளோடு கலக்காமல் அடைத்து வளர்ப்பது பாதுகாப்புதான். ஆனால் இருட்டுக் கொட்டகையில் முட்டை குறையும்.

காரணம் வாத்தின் மூளையில் இருக்கிறது. பார்வை இழந்த ஆண் வாத்துகளுக்கும் வெளிச்சம் பட்டால் விதைப்பைகள் வளர்வதை 1930களில் பிரெஞ்சு விஞ்ஞானி ழாக் பென்வா கண்டறிந்தார். மண்டையோட்டை ஊடுருவும் ஒளி மூளையைத் தூண்டுகிறது. மூளை ஹார்மோன்களை ஏவுகிறது. பெட்டையில் இதே தூண்டுதல்தான் சினைப்பையை இயக்குகிறது.

முட்டையிடும் வாத்துக்குத் தினமும் 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பது பண்ணைக் கணக்கு. கொச்சியில் டிசம்பர் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். ஜூனில்கூட 13 மணியைத் தொடாது. மிச்சத்தை விடியலுக்கு முன்போ அந்திக்குப் பின்போ பல்பு எரித்து ஈடுகட்டலாம். ஆனால் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். கூட்டிய நேரத்தை மாற்றக் கூடாது. திடீரென்று குறைத்தால் சிறகு உதிரும், முட்டை நின்றுபோகும்.

பல்பு தீவனத்துக்கு ஈடாகாது. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் வாத்து தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்யும். தோல்முட்டையில் தொடங்குவது கால் முடங்குவதில் முடியலாம். உடல் முற்றாத இளம் பெட்டைக்கு அவசரமாக வெளிச்சம் கூட்டினால் முட்டை சிறுக்கும். கருக்குழாய் வெளியே தள்ளும் ஆபத்தும் உண்டு. இரவெல்லாம் பளிச்சென்று எரிப்பதும் தவறு. வாத்துக்கும் ஓய்வு வேண்டும். மங்கலான விளக்கு ஒன்று போதும். இருட்டில் மிரண்டு ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க அது உதவும்.

நோய்க்குப் பயந்து கதவைச் சாத்தலாம். ஆனால் வலைக்கம்பி அடித்த ஜன்னல் ஒன்றாவது திறந்திருக்கட்டும். பறவை உள்ளே வராது, பகல் வரும்.